சங்கீத முகாமா? சடங்கு முகாமா?

நாஞ்சில் நாட்டிலிருந்து தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். அவர் வயல் வேலை செய்பவர். கல்யாண மாதங்களில் பேண்டு செட்டில் டிரம் அடிப்பவர். அவருடைய 13 வயதுப் பையன் ஒரு பழைய கிளாரினெட்டை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாய் ஊதிப் பழகுகின்றானாம். இந்தக் கோடை விடுமுறையில் அவனை ஒரு சங்கீத முகாமுக்கு அனுப்பக் கூலியில் மிச்சம் பிடித்து வைத்திருக்கின்றாராம். கையில் இரண்டு நோட்டீசுகள் இருக்கின்றனவாம். ஒன்றில் சரஸ்வதி படம், குரு பூஜை, பத்து நாளில் மேடைக் கச்சேரி, பெரிய மனிதர் கையால் சர்ட்டிபிகேட்டு. மற்றொன்றில், போலீஸ் பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்ற ஒருவர், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஆறு பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பார் என்று நாலு வரி. "எதற்கு அனுப்பலாம்?" என்று கேட்கின்றார்.

முதல் நோட்டீசுக்காரரிடம் இவர் விசாரிக்கப் போனபோது, "பையன் என்ன ஜாதி?" என்பதுதான் முதல் கேள்வியாம். "பேண்டு செட்டு ஆசாமிகளுக்கு முகாம் எதற்கு?" என்பது இரண்டாவது கேள்வியாம். பையன் எத்தனை வருஷம் ஊதியிருக்கின்றான், மூச்சு எவ்வளவு நிற்கும் என்று ஒரு வார்த்தையாவது கேட்டார்களா என்றால், கேட்கவே இல்லையாம்!

இவர்கள் சொல்லும் தெய்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கிளாரினெட் என்பது சுமார் 1700-ம் வருஷ வாக்கில் ஜெர்மனி தேசத்து நூரெம்பர்க் நகரில் டென்னர் என்ற வாத்தியத் தொழிலாளி உண்டாக்கிய கருவி. நாணல் சீவலாகிய ரீடு அதிர்கின்றது. அந்த அதிர்ச்சியில் குழாய்க்குள் இருக்கும் காற்று அதிர்ந்து சத்தம் கிளம்புகின்றது. இதில் எந்தத் தேவதைக்கு என்ன வேலை? சரஸ்வதியின் கையில் இருப்பதாக எழுதி வைத்திருப்பது வீணையே ஒழிய கிளாரினெட் அல்லவே! அந்த அம்மாளே கண்டிராத வாத்தியத்துக்கு அந்த அம்மாளின் அருள் வேண்டுமென்று பத்து நாளில் மூன்று நாளைப் பூஜைக்குக் கழித்தால், அந்த மூன்று நாள் கூலியைப் பையனின் தகப்பனுக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

சுசீந்திரம் கோயிலில் தட்டினால் சுரம் பேசும் கல்தூண்கள் இருப்பதை நாஞ்சில் நாட்டார் அறிவார்கள். கல்லைப் பாட வைத்தது தொழிலாளியின் உளி. ஆனால் அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லா ஜாதியாரும் நடக்கவேண்டுமென்பதற்கு 1926-ல் சத்தியாக்கிரகம் செய்யவேண்டியிருந்தது. கோயிலுக்குள் நுழைய 1936-ம் வருஷத்துத் திருவிதாங்கூர்ப் பிரகடனம் வரவேண்டியிருந்தது. கல்லுக்குக் கொடுத்த இடத்தை மனிதனுக்குக் கொடுக்காத ஊரில், "சங்கீதத்துக்கு ஜாதியில்லை" என்று மேடையில் பேசிவிட்டு, முகாம் வாசலில் ஜாதி கேட்பது அதிசயமல்ல. நாம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பதுதான் அதிசயம்.

கிளாரினெட் நம்மவர்கள் கைக்கு வந்த சரித்திரமும் இதுவேதான். சதிர்க் கச்சேரியில் பின்னால் நின்று ஊதும் வாத்தியமாகவே அதை வெகுகாலம் வைத்திருந்தார்கள். அதை முன்னுக்குக் கொண்டுவந்தவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். அவர் தகப்பனாரும் கிளாரினெட்காரரே. நடராஜன் அதோடு நிற்காமல் வாய்ப்பாட்டும் நாதசுரமும் கற்று, அந்தக் கமகத்தைக் கிளாரினெட்டில் கொண்டுவந்தார். 1928-ல் ஏற்பட்ட சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது 2008-ல், அதாவது அவருக்கு 77 வயது ஆன பிறகு! வித்தை முன்னால் போய்விட்டது. பட்டம் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தது. சர்ட்டிபிகேட்டின் யோக்கியதை இவ்வளவே.

ஆகவே தோழருக்கு நாம் சொல்லுவது என்னவென்றால், நோட்டீசைப் பார்க்காதீர்கள். நேரில் போய்க் கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவர் தாமே கிளாரினெட் ஊதுகின்றவரா? வயலின்காரரைக் கொண்டு கிளாரினெட் சொல்லிக்கொடுப்பது, தச்சனைக் கொண்டு துணி தைப்பது போலாகும். உதட்டை எப்படி வைப்பது, ரீடை எப்படிக் கட்டுவது, மூச்சை அடிவயிற்றிலிருந்து எப்படி எடுப்பது என்பதை ஊதுகின்றவனே காட்டமுடியும். ஒரு வாத்தியாருக்கு எத்தனை பிள்ளைகள்? நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வாத்தியம் உங்கள் பையன் வாயில் இருக்கும்? மற்ற நேரமெல்லாம் அவன் ஜமக்காளம் விரிக்கவா? கர்நாடக வழியா, மேல்நாட்டு வழியா? முன்னதானால் வாய்ப்பாட்டும் சேர்ந்து உண்டா? பின்னதானால் சுரக்குறிப்பைப் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொடுப்பார்களா? போலீஸ் பேண்டிலும் இராணுவ பேண்டிலும் கிளாரினெட்டுக்கு வேலை உண்டு. குறிப்பு பார்த்து வாசிக்கத் தெரிந்தவனுக்கு அது பிழைப்பு வழி என்பதை மறக்கவேண்டாம்.

இன்னும் இரண்டு கேள்விகள். பெண் பிள்ளைகளையும் சேர்க்கின்றார்களா, எல்லோருக்கும் ஒரே பந்தியா? ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ரீடு, தனி மவுத்பீஸ் உண்டா? எச்சில் தீட்டு என்று நாம் சொல்லவரவில்லை. தீட்டு என்பது பொய். கிருமி என்பது மெய். தீர்த்தம் தெளித்தால் கிருமி போகாது. சோப்புத் தண்ணீரில் கழுவினால் போகும்.

இக்கேள்விகளுக்குத் தாழ்வாரத்து வாத்தியார் நேராய்ப் பதில் சொல்லுவாரானால் பையனை அவரிடமே அனுப்புங்கள். அவரும் பத்து நாளில் வித்துவானாக்கிவிடமாட்டார். பத்து நாளில் வித்துவான் என்பது பத்து ரூபாயில் மோட்சம் என்பது போன்ற புளுகு. ஆனால் தவறான பழக்கத்தைத் திருத்தி, வருஷம் முழுவதும் வீட்டில் என்ன பழகவேண்டுமென்று காட்டிவிட்டால், அந்தப் பத்து நாள் கூலிக்கு மோசமில்லை.

ஒழுகினசேரியில் பிறந்து, நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன்தான் பின்னால் என்.எஸ். கிருஷ்ணன் என்று நாடறிய நின்றான். அவனிடம் ஜாதிச் சீட்டும் பூஜைச் சீட்டும் கேட்டிருந்தால் நாஞ்சில் நாடு யாரை இழந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் மூச்சு உங்கள் பிள்ளைக்குச் சொந்தம். அதை யார் காலடியிலும் அடகு வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.