அயலார் ஆங்கிலமும் நம் கடமையும்

நம் கல்லூரி மாணாக்கரிடையே ஒரு வேடிக்கை வழங்கிவருகின்றது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளுக்குப் பயிற்சிக்காகச் சென்று மீள்வோர், ஆங்குள்ள கொரியரும் ஜப்பானியரும் பேசும் ஆங்கிலத்தை நடித்துக் காட்டுவதும், சூழ இருப்போர் கைகொட்டி நகைப்பதுமே அஃது. யானும் அவ்வாறு நகைத்தவருள் ஒருவன். அந்நகைப்பு நமக்குத் தகாது என்பதை எடுத்துரைக்கவே இச்சிறு கட்டுரையை எழுதலுற்றேன்.

இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்த ஹூண்டாய் நிறுவனம் நம் நாட்டில் 1996ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் முதற் கார் 1998இல் வெளிவந்தது. பின்னர் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலையும், 2015இல் வல்லம் வடகாலில் யமஹா ஆலையும் எழுந்தன. இராமாநுசர் பிறந்த ஊரின் அருகே இன்று கொரிய எழுத்திற் பெயர் பொறித்த உணவு விடுதிகள் நிற்கின்றன. வந்தவருட் பலர் தமிழ் அறியார். நம்மவருட் பலர் அவர் மொழி அறியார். ஆதலின் இருவரும் ஆங்கிலத்திற் பேசுகின்றனர். அஃது இருவர்க்கும் இரவல் ஆடையே.

இரவல் ஆடை உடலுக்குச் செவ்வையாகப் பொருந்தாதது இயல்பு. ஜப்பானியர் லகர ரகரங்களை வேறுபடுத்தி ஒலித்தல் அரிது. கொரியர் 'ஃபேக்டரி' என்பதன் முதலொலியைப் பகரமாக்குவர். இவை குறைகளாயின் நாம் மட்டும் குறையிலேமா? 'பஸ்' என்பதை ஜப்பானியர் 'பஸு' என்பர். நம் ஊரார் 'பஸ்ஸு' என்பர். இவற்றுள் எதைக் கேட்டு நகைப்பது?

ஒலியினும் பொருளிலேதான் இடர் மிகுதி. பயிற்சிக் காலத்தில் ஒருநாள் கொரியப் பொறியாளர் ஒருவரிடம், "உதிரிப் பாகங்கள் வரவில்லையா?" என்று ஆங்கிலத்தில் வினவினேன். அவர் "யெஸ்" என்றார். ஆங்கில மரபின்படி 'வந்துவிட்டன' என்பதே அதன் பொருள். அவ்வாறே மேற்பார்வையாளரிடம் தெரிவித்தேன்; அவரும் ஆட்களை அவ்வேலைக்கு அனுப்பினார். பாகங்களோ வரவில்லை. ஆட்கள் ஒரு மணி நேரம் வாளா நின்றனர். பழி பொறியாளர்மேல் விழுந்தது. அவர்க்கு ஆங்கிலம் தெரியாது என்று யாவரும் கூறினர். யானும் வாய் திறந்திலேன்.

அன்றிரவு வீட்டில் என் அன்னையார், "இன்னும் சாப்பிடவில்லையா?" என்றார்கள். "ஆமாம், சாப்பிடவில்லை" என்றேன். சொல்லியவுடன் திடுக்கிட்டேன். அப்பொறியாளர் கூறியதும் இதுவேயன்றோ! வினவியவர் கூற்று உண்மையாயின் 'ஆம்' என்பது தமிழர் வழக்கு. கொரியர் வழக்கும் ஜப்பானியர் வழக்கும் அதுவே. வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்பதும், பெயர்க்குப் பின்னே உருபு வருவதும், பெரியோர்க்கேற்ப வினைச்சொல்லின் வடிவு மாறுவதும் இம்மூன்று மொழிகட்கும் பொது. யான் தமிழனாக நின்று கேட்டிருப்பின் அவர் கருத்தை ஐயுற்றேனும் இருப்பேன். ஆங்கிலம் கற்றேன் என்னும் செருக்கே என் செவியை அடைத்தது.

இன்னும் ஒன்று. ஜப்பானியர் உரையாடலிடையே 'ஹை' என்பது பலகால் 'கேட்டுக்கொண்டிருக்கின்றேன்' என்னும் அளவினதே. நாம் 'உம்' கொட்டுவது போல்வது. அதனை உடன்பாடெனக் கொள்வார் ஏமாறுவர். நம் தலையசைப்பைக் கண்டு, ஆமோ அன்றோ எனத் தெளியாது அவர் திகைப்பதும் உண்டு.

"அவர் ஆங்கிலத்தைச் செவ்வனே கற்று வருதல் அன்றோ முறை?" என்பார் உளர். கற்கட்டும்; நாமும் கற்போம். ஆயின் அதுகாறும் இயந்திரங்கள் நில்லா. "மின்சாரத்தை நிறுத்தவில்லையா?" என்ற வினாவிற்கு வந்த 'யெஸ்' பிறழ உணரப்படின், போவது ஒரு மணி நேரமன்று, ஒரு தொழிலாளியின் கை.

ஆகலின் நாம் செய்யத்தக்கன சில உள. எதிர்மறை வினாவை விடுத்து, "வந்தனவா?" என நேரே வினவுதல் வேண்டும். கேட்ட விடையை நம் சொல்லால் திருப்பிக் கூறி உறுதி பெறல் வேண்டும். எண்களை எழுதிக் காட்டல் வேண்டும். ஜப்பானிய இரயில்வே ஊழியர் அடையாள விளக்கை விரலாற் சுட்டி, வாயாலும் சொல்லி உறுதி செய்வர். தம் கண்ணையே ஒருமுறைக்கு இருமுறை சோதிக்கும் அவ்வழக்கம், பிறர் சொல்லைக் கேட்கும் நமக்கும் நன்று. நன்னூலார் வினாவை அறுவகையாகவும் விடையை எண்வகையாகவும் பகுத்தார். அதனைத் தேர்வுக்காக மனனஞ் செய்யும் நாம், எதிர் நிற்பவர் தரும் விடை எத்தன்மைத்து என ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் அரிதோ?

உண்மையைக் கூறி மன்னிப்புப் பெற யான் துணிந்து சென்றபோது, அப்பொறியாளர் தம் நாட்டிற்குத் திரும்பிவிட்டார். மேற்பார்வையாளரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அயலார் ஆங்கிலத்தை நடித்துக் காட்டும் நண்பர்காள், அடுத்த முறை அவ்வேடிக்கைக்கு என்னை அழையாதீர்கள். அழைப்பின், என் பிழையையே நடித்துக் காட்டுவேன்.