பெண் அதிகாரியின் உத்தரவு: குறை பேச்சிலா, கேட்கும் காதிலா?

ராணுவத்தில் உத்தரவு என்றால் உத்தரவுதான். அதைப் போடுவது ஆணா, பெண்ணா என்ற பேச்சுக்கே இடமில்லை என்று பலரும் நினைக்கலாம். ஆனால் இந்தப் பேச்சு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. தீர்ப்பு வந்த பிறகும் ஓயவில்லை.

1992-ல் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்க ராணுவம் திட்டம் வகுத்தது. சென்னை பரங்கிமலையில் உள்ள பயிற்சிக் கழகத்தில் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. சில வருஷம் சேவை, பிறகு வீடு என்பதே அன்றைய ஏற்பாடு. பெரும்பாலான பிரிவுகளில் நிரந்தர உத்தியோகம் இல்லை. யூனிட்டுக்குத் தலைமை வகிக்கும் கர்னல் பதவியும் எட்டாக்கனியாக இருந்தது.

இதை எதிர்த்த வழக்கில் மத்திய சர்க்கார் ஒரு வாதத்தை வைத்தது. சிப்பாய்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வருகிறவர்கள், பெண்ணின் தலைமையை ஏற்க அவர்கள் மனம் இன்னும் பக்குவப்படவில்லை என்பதே அது. 2020 பிப்ரவரி 17 அன்று சுப்ரீம் கோர்ட் இந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. மாற வேண்டியது மனப்போக்கு என்று கூறி, பெண்களுக்கு நிரந்தர உத்தியோகமும் தலைமைப் பதவியும் கிடைக்க வழி திறந்தது. 2023-ல் பெண்களுக்கென 108 கர்னல் இடங்கள் ஒதுக்கப்பட்டன. மருத்துவப் பிரிவுக்கு வெளியே பெண்கள் யூனிட் நடத்தத் தொடங்கியது அப்போதுதான்.

ஒரு தளபதியின் கடிதம்

2024 அக்டோபரில், நாட்டின் கிழக்குப் பகுதியில் லெப்டினென்ட் ஜெனரல் அந்தஸ்தில் இருந்த ஒரு தளபதி மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். தமக்குக் கீழ் யூனிட் நடத்திய எட்டுப் பெண் அதிகாரிகளைப் பற்றியது அது. அடுத்த மாதமே பத்திரிகைகளில் வெளியாகிவிட்டது. பேச்சில் நயம் போதாது, கீழே உள்ளவர்களின் கஷ்டத்தை அனுதாபத்தோடு கேட்பதில்லை, தான் வைத்ததே சட்டம் என்கிறார்கள், எதற்கெடுத்தாலும் புகார் எழுதுகிறார்கள் என்பதே கடிதத்தின் சாரம்.

பெண் என்றால் இளகிய மனம், இதமான பேச்சு என்றுதான் ஊரில் சொல்வது வழக்கம். இந்தக் கடிதமோ நேர்மாறாகச் சொல்கிறது. அப்படியானால் பேச்சு என்பது பிறவிக் குணம் அல்ல, உட்காரும் நாற்காலியும் பெற்ற பழக்கமும் சேர்ந்து உண்டாக்குவது என்றாகிறது.

விதி உள்ள இடம், இல்லாத இடம்

வார்த்தை முன்பே வகுக்கப்பட்ட இடத்தில் ஆண், பெண் வித்தியாசம் தலைகாட்டுவதில்லை. வயர்லெஸ்ஸில் யார் பேசினாலும் அதே சொற்கள்தான். பரேடில் 'சாவ்தான்' என்றால் அனைவருக்கும் ஒன்றே. மும்பையில் மாதுங்கா ஸ்டேஷன் 2017-ல் முழுக்கப் பெண் ஊழியர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. வேலைக்கான விதிப்புத்தகம் மாறவில்லை.

வித்தியாசம் தெரிவது விதி எழுதப்படாத இடத்தில். அவசர லீவு கேட்டு நிற்கும் சிப்பாயிடம் என்ன சொல்வது, தர்பாரில் குறைகளை எப்படிக் கேட்பது, முதல் தவறுக்கு எச்சரிக்கையா தண்டனையா என்பதையெல்லாம் புத்தகம் கற்றுத்தராது. இளம் வயதிலிருந்தே ஆட்களை நடத்தி, மூத்தவர்களைப் பார்த்துப் பழகித்தான் வர வேண்டும். ஆண் அதிகாரிக்கு அந்தப் பழக்கம் பதினைந்து வருஷத்துக்கு மேல் கிடைக்கிறது. இந்தப் பெண்களுக்கோ, தலைமைக்கு வரப்போவதில்லை என்ற கணக்கிலேயே வேலை கொடுக்கப்பட்டது. பிறகு திடீரென்று நாற்காலி தரப்பட்டது.

சி.ஆர். எழுதும் கை

ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு 'சி.ஆர்.' என்ற ரகசியக் குறிப்பின் வலிமை தெரியும். அதில் ஒரு வரி ப்ரமோஷனைப் பல வருஷம் நிறுத்தி வைக்கும். 2021 மார்ச் 25 அன்று வந்த இன்னொரு தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் இதையே தொட்டது. எப்படியும் நிரந்தரம் ஆகப்போவதில்லை என்ற எண்ணத்தில், பெண் அதிகாரிகளின் குறிப்புகள் அக்கறையின்றி எழுதப்பட்டன என்று கண்டது. பிற்பாடு அதே குறிப்புகளை வைத்து அவர்களை எடைபோட்டது அநீதி என்றது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே ஒரு ராணுவக் கல்லூரியில் 4,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி எழுதப்பட்ட 81,000 மதிப்பீடுகளை ஆராய்ந்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். மார்க்கிலும் உடல்தகுதியிலும் இருபாலாருக்கும் வித்தியாசம் இல்லை. புகழ்ந்து எழுதிய சொற்களின் எண்ணிக்கையும் சமம். குறை சொல்லும் சொற்கள் மட்டும் பெண்களுக்கு அதிகம். ஆணைக் குறை சொன்னவர்கள் பெரும்பாலும் 'திமிர் பிடித்தவர்' என்றார்கள். பெண்ணை 'திறமையில்லாதவர்' என்றார்கள். திமிர் பிடித்தவனுக்கும் பதவி உயர்வு உண்டு; திறமையில்லை என்று எழுதப்பட்டவருக்கு ஏது?

இதனால் சிப்பாயின் குறையைத் தள்ளிவிட முடியாது. கடுமையான அதிகாரியிடம் மாட்டிக்கொண்டவன் படும் அவதி நிஜம். ஆனால் எத்தனை ஆண் கர்னல்கள் மீது இதே குறை உண்டு என்று அதே தராசில் நிறுத்திப் பார்க்க வேண்டும். எட்டுப் பேரை வைத்து ஒரு பாலாருக்கே தீர்ப்பு எழுதினால், அடுத்து வருகிறவர்களுக்குக் கதவு அடைபடும்.

அடுத்து வருகிறவர்கள் தயாராகிவிட்டார்கள். புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் மூன்று வருஷம் பையன்களோடு ஒரே மைதானத்தில் பயின்ற 17 பெண்கள், 2025 மே 30 அன்று முதல் அணியாக வெளிவந்தார்கள். அதே மாதம் 7-ம் தேதி, எல்லை தாண்டி நடந்த தாக்குதலை நாட்டுக்கு விளக்கும் பொறுப்பு கர்னல் சோபியா குரேஷிக்கும் விங் கமாண்டர் வியோமிகா சிங்குக்கும் தரப்பட்டது. உலகத்துக்கு எடுத்துச் சொல்ல ஏற்ற குரல் என்று கருதிய சர்க்கார், யூனிட்டுக்குள் அந்தக் குரலுக்கு வேண்டிய பயிற்சியையும் நேர்மையான சி.ஆரையும் தருவதுதான் நியாயம்.