சத்தமில்லாத ரம்பம்

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்ட நாட்களில், ஊருக்கு ஊர் மரம் அறுக்கிற மிஷின் சத்தம்தான். பெட்ரோல் மிஷினின் இரைச்சலே ஓர் எச்சரிக்கை. இப்போது வீடுகளுக்கு வரும் மின்சார செயின் சாவில் அந்த இரைச்சல் இல்லை என்பதுதான் என் கவலை. விசையில் விரல் படும்வரை பொம்மை மாதிரி கிடக்கும். அழுத்திய கணமே முழு மூச்சாகச் சுழலும். பெட்ரோல் மிஷினுக்கென்று வந்த, அறுப்பவர் காலில் அணியும் தொடை உறையின் மேல் ரம்பம் பட்டால், அதன் இழைகள் பல்சக்கரத்தில் சிக்கிச் சங்கிலியை நிறுத்திவிடும். மின் மோட்டாரின் இழுவைக்கு முன் அதையும் முழுதாக நம்ப முடியாது. நம் ஆட்களோ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு நிற்கிறார்கள்! ஓடும் ரம்பத்தின் நுனியில் மேல்பாதி எதிலாவது இடித்தால், கண்ணிமைப்பதற்குள் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்காதே, ஏணியில் நின்று அறுக்காதே என்று கையேடு சொல்வது இதனால்தான். (அந்தக் கையேட்டை யார் பிரிக்கிறார்கள்?) ஒயர் உள்ள மிஷின் என்றால் இன்னொரு வம்பு: மழை ஈரம், ஒட்டுப்போட்ட ஒயர். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் இதைச் சொருகவே கூடாது. பேட்டரி மிஷின் என்றால், சங்கிலியை இறுக்கும் முன் பேட்டரியைக் கழற்ற எத்தனை பேருக்குத் தோன்றுகிறது? மிஷின் வாங்கப் போனால், கடைக்காரர் சங்கிலிக்கான எண்ணெய் டப்பாவைத் தானாகவே எடுத்து வைக்கிறார். கண்ணாடியையும் ஹெல்மெட்டையும் கேட்டால்தான் காட்டுகிறார்.