கடவுள் கட்டளையா, ஓட்டுக் கணக்கா?

ஜவ்வாது மலையையடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் பழங்குடிப் பெண் தமது 23-வது வயதில் சிவில் நீதிபதிப் பரீட்சையில் தேறினார் என்ற சேதி 2024-ல் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. எந்த ஆணின் சொத்து வழக்கையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு மலைப்பெண்ணுக்கு யோக்கியதை உண்டென்று சர்க்கார் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆசீர்வதித்துக் கொடுக்க மட்டும் பெண்ணுக்கு யோக்கியதையில்லையென்று பாதிரிமார்கள் எத்தனையோ நூற்றாண்டுகளாகச் சாதித்து வந்ததைத் தோழர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும்.

காரணம் கேட்டால், ஏசு தெரிந்தெடுத்த பன்னிரண்டு பேரும் ஆண்கள் என்பார்கள். சரி, அந்தப் பன்னிரண்டு பேரும் யூதர்களுமல்லவா? அப்படியானால் இங்கிலீஷ்காரன் பாதிரியானது எந்த வேதத்தைக் கொண்டு?

ஆங்கிலிகன் சபையின் யோக்கியதையைப் பாருங்கள். இரண்டாம் எலிசபெத் ராணி 1952 முதல் 2022 வரை அச்சபைக்குத் தலைவியாயிருந்தார். ஆனால் இங்கிலாந்தில் முதன்முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்ததோ 1994-ல்தான்! சபைக்கே தலைமை தாங்கப் பெண் ஆகுமாம். அதே சபையில் பூசை நடத்த மட்டும் ஆகாதாம்.

அந்த 1994-ம் கடவுள் இறங்கிவந்து சொன்னதால் வரவில்லை. 1992 நவம்பர் 11-ந் தேதி அச்சபையின் சினாடு கூடி ஓட்டெடுத்தது. அத்தியட்சர்கள், குருமார்கள், சபை ஜனங்கள் என்ற மூன்று பிரிவிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஜனங்கள் பிரிவில் ஆதரவு 169, எதிர்ப்பு 82, வேண்டியதோ 168. இரண்டே பேர் கட்சி மாறியிருந்தால் பரிசுத்த ஆவியின் சித்தமும் மாறியிருக்கும்! பிறகு பார்லிமெண்டும் ஒப்புக்கொண்டு 1993-ல் சட்டமாயிற்று. அதிலும், பெண் குரு எங்களுக்கு வேண்டாமென்று எந்த ஊர்ச் சபையும் தீர்மானம் போட்டுக்கொள்ள இடம் வைத்திருந்தார்கள்.

இதற்கு அரை நூற்றாண்டு முன்பே, யுத்தத்தினால் மக்காவுக்குக் குருமார் போகமுடியாதிருந்தபோது, ஹாங்காங் அத்தியட்சர் ஹால் 1944-ல் லீ டிம்-ஓய் என்ற சீனப் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தார். யுத்தம் முடிந்ததும் எங்கும் ஒரே கூச்சல். 1946-ல் அந்த அம்மையார் ஊழிய உத்தரவையே விட்டுவிட நேர்ந்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று நம் பார்ப்பனர்கள் சொல்லுவார்களே, அதே நியாயம்தான்.

நம் தேசத்துச் சங்கதி வேறு. ஆங்கிலிகன்களும் சேர்ந்து 1947-ல் ஏற்பட்ட தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே பெண்களுக்குக் குருப்பட்டத்தைத் திறந்துவிட்டது. 2013-ல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் அத்தியட்சரானார். இங்கிலாந்தில் ஒரு பெண் அத்தியட்சரானது 2015-ல். ஞானமெல்லாம் சீமையிலிருந்தே கப்பலேறி வரவேண்டுமென்று நினைப்பவர்கள் இதை யோசிக்கட்டும்.

புரோகிதமே வேண்டாமென்கிற சுயமரியாதைக்காரருக்கு இதில் என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். பூசாரிகளின் தொகையைப் பெருக்க நாம் வரவில்லை. ஒரு ஸ்தானம் இருக்கிறவரை, பிறப்பினாலே ஒருவரை அதற்கு விலக்குவது இழிவு என்பதே நமது வாதம். 2023-ல் மூன்று பெண்கள் ஸ்ரீரங்கத்தில் அர்ச்சகர் பயிற்சி முடித்தார்கள். அவர்கள் கர்ப்பக்கிருகத்தில் நுழைவது ஆகமத்துக்கு விரோதமென்று யாராவது உங்களூரில் சொன்னால், அந்த 169, 82 கணக்கைக் காட்டி ஒன்று கேளுங்கள்: உங்கள் ஆகமத்துக்கு ஓட்டெடுத்தது யார்? அதில் எத்தனை பெண்களுக்கு ஓட்டிருந்தது?