டபுள்ஸ்தானே அண்ணா?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு என் கோபம் ஆரம்பித்தது. இதை எழுதுகிற வியாழக்கிழமை வரை முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. மீதிக் காலைத்தான் உங்களுக்குத் தருகிறேன்.

செஞ்சி கூட்டுரோட்டு டீக்கடையில் நின்றிருந்தேன். திண்டிவனம் பக்கமிருந்து வரிசையாக ஏழெட்டு சைக்கிள்கள் வந்தன. ஒவ்வொன்றும் சாதா சைக்கிளைவிட ஒன்றரை மடங்கு நீளம். இரண்டு சீட், இரண்டு ஹேண்டில்பார், நாலு பெடல், ஆக மொத்தம் இரண்டே சக்கரம். தலையில் முட்டை ஓடு மாதிரி ஹெல்மெட் போட்டவர்கள் ஜோடி ஜோடியாக இறங்கினார்கள். புதுச்சேரியிலிருந்து விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினார்களாம். கோட்டை பார்த்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்ப வேண்டுமாம்.

கிளாஸ் கழுவுகிற பையன் ஈரக்கையோடு ஓடி வந்து பின்சீட்டைத் தொட்டுப் பார்த்தான். "டபுள்ஸ்தானே அண்ணா இது?" என்றான். கேட்கப்பட்டவர், பாவம், நல்ல மனிதர்தான், பொறுமையாகத் திருத்தினார்: "இல்ல தம்பி, இது டேண்டம். டபுள்ஸ் வேற."

டபுள்ஸ் வேறயாம்!

வண்டியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எதிர்காற்றைக் கிழிக்கிற வேலையை முன்னால் இருப்பவர் பார்த்துக்கொள்கிறார். மிதிக்கிற கால்களோ நாலு. அதனால் சமதரையில் ஒற்றை ஆள் சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஏற்றத்தில் மட்டும் இரண்டு உடம்பின் கனமும் இழுக்கும். 1972 மியூனிக் வரை ஒலிம்பிக்கிலேயே இதற்குப் பந்தயம் இருந்தது. முன்சீட்டுக்காரருக்குக் கேப்டன் என்று பெயர். பின்சீட்டுக்காரரை ஸ்டோக்கர் என்பார்கள். கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற ஆளுக்கு உள்ள பெயர் அது. இரண்டு ஜோடி பெடலையும் ஒரு செயின் பிணைத்திருக்கிறது. கேப்டன் கால் நின்றால் கரிக்காரர் காலும் நின்றாக வேண்டும். பின்னால் இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் முன்னால் இருப்பவரின் முதுகு. ஆகவே கேப்டனுக்கு வாய் ஓயக் கூடாது. 'பள்ளம்', 'வேகத்தடை', 'மிதிக்காதே' என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். வழியில் ஓரிடத்தில் உளுந்துச் செடியைத் தார்ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளைக் கொண்டே போரடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். 'உளுந்து' என்று கத்த ஒரு கேப்டனுக்குத் தெரியவில்லை. பல்சக்கரம் நிறையக் கொடி சுற்றிக்கொண்டு வந்திருந்தது.

கோட்டைக்குப் போனார்கள். நாற்பது நிமிடத்தில் திரும்பிவிட்டார்கள். ராஜகிரி உச்சிக்கு ஏறவில்லை. கீழே கல்யாண மகாலின் முன்னால் படம் எடுத்தாயிற்று. இந்த இடத்தில் நான் சீனிவாசாச்சாரியின் புத்தகத்தை எடுப்பேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். எடுக்கத்தான் போகிறேன். செஞ்சியின் வரலாற்றை அவர் இங்கிலீஷில் எழுதி, 1943-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. என் பிரதிக்கு அட்டை போய், நானே காக்கிக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். தேசிங்கு என்றால் நமக்குக் கதைப்பாட்டும் பாராசாரிக் குதிரையும்தான். 1714-ல் ஆற்காட்டு நவாபோடு மோதிச் செத்தபோது அந்த இளைஞன் செஞ்சியை ஆண்டது சொற்ப காலம்தான் என்பதை அந்தப் புத்தகத்தில்தான் நான் முதலில் படித்தேன். அதே புத்தகத்தில்தான் ஜுல்பிகர் கானின் முற்றுகையும் வருகிறது. சிவாஜி 1677-ல் பிடித்த கோட்டைக்குள் அவர் மகன் ராஜாராம் இருக்க, முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை வெளியே உட்கார்ந்திருந்தது. எட்டு வருஷம்! கோட்டை விழுவதற்குள் ராஜாராம் நழுவியும் போய்விட்டார். ஜுல்பிகர் கானுக்கு எட்டு வருஷம் பிடித்தது. இவர்களுக்கு நாற்பது நிமிடம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தபோது மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்தது நம்முடையது ஒன்றுதான். அதற்குப் பிறகு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், வந்து தங்குகிறவர்கள் கூடவில்லை. ரயில் இருந்தால்... சரி, நிறுத்திக்கொள்கிறேன். திண்டிவனம் – திருவண்ணாமலைப் பாதையைப் பற்றி இந்த வருஷம் இனி எழுதுவதில்லை என்று ஆசிரியருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சைக்கிளில்தான் வர வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

டபுள்ஸுக்கு வருவோம்.

எங்கள் காலத்தில் டபுள்ஸ் என்பது குற்றம். அதாவது நிஜமாகவே குற்றம். போலீஸ்காரர் பார்த்தால் வால்டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். ராத்திரியில் விளக்கும் இல்லாவிட்டால் இரட்டைக் குற்றம். அதனால் ஸ்டேஷனுக்கு ஐம்பது அடி முன்பே கேரியரில் இருப்பவன் குதித்து, அந்நியன் மாதிரி நடந்து, ஐம்பது அடி தாண்டி ஓடி வந்து ஏறிக்கொள்வான். ஏட்டுக்கும் இது தெரியும். தனக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

டபுள்ஸில் பல ரகம். முன்பாரில் துண்டைச் சுற்றிக் குழந்தையை உட்கார வைப்பது ஒன்று. கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சக்கரத்திடமிருந்து காப்பாற்றிக்கொண்டே அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற அம்மா ஒன்று. அறிவொளி இயக்கக் காலத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்களே, அது கேரியரிலிருந்து சீட்டுக்கு நடந்த இடமாற்றம்தான் என்று நான் முன்பே எழுதியிருக்கிறேன். மூன்றாவது ரகம்தான் நான் சொல்ல வந்தது. சீட்டில் இருப்பவன் ஹேண்டில்பாரை மட்டும் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிவிடுவான். கேரியரில் இருப்பவன் காலை நீட்டிப் பெடலை மிதிப்பான். ஒருவனுக்குக் கண், ஒருவனுக்குக் கால். இதற்குப் பெயர் என்ன கேப்டன் சார்?

என் கால்காரன் என் வகுப்புத் தோழன். அவனுக்கு மாலைக்கண். கீரையும் மீன் எண்ணெயும் கொடுத்துப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை. விழித்திரைக் கோளாறு, பிறவியிலேயே வந்தது என்று பின்னால் தெரிந்தது. பகலில் மல்லாட்டைக் காட்டில் எனக்கு முன்னால் ஓடுவான். பொழுது சாய்ந்தால் வாசற்படியைத் தடவுவான். ஆனால் இரண்டாவது ஆட்டத்துக்கு என்னைவிட அவனுக்குத்தான் பைத்தியம். திரையில் வெளிச்சம் இருக்கிறதே! திரும்புகிற வழிதான் இருட்டு.

மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிள். செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற ரோடு. மிதிக்கிற வேலை முழுக்க அவனுடையது. நான் கையைத் திருப்பிக்கொண்டு சொல்லிக்கொண்டே வருவேன்: பள்ளம், கல்லு, மாடு படுத்திருக்கு, எதிர்ல மாட்டுவண்டி, அரிக்கேன் தெரியுது. அது அவனுக்குப் போதாது. "கிருஷ்ணகிரிக் குன்று வந்துட்டுதாடா? மேல நிலா இருக்கா? மண்டபம் தெரியுதா?" என்பான். தெரியாத நாளிலும் தெரிகிறது என்பேன். அதிலிருந்து ஆரம்பித்து நான் பொய் சொல்லத் தொடங்கினேன்: கோட்டைச் சுவரில் தீவட்டி போகிறது, குதிரை நிற்கிறது. அவன் நம்பவில்லை, ஆனால் கதை நின்றால் கால் நின்றுவிடும். நான் எழுத்தாளனானது அந்த ரோட்டில்தான் என்று இதற்கு முன் எங்கும் சொன்னதில்லை.

இப்போது அவனுக்குப் பகலும் தெரிவதில்லை. சென்னையில் மகளோடு இருக்கிறான். இந்தப் பத்தியை வாராவாரம் அவள் படித்துக் காட்டுகிறாள்.

டீக்கடையில் அந்தத் திருத்தல்காரரிடம், சண்டைக்கு இழுக்கிற குரலில்தான், கேட்டேன்: "கண்ணு தெரியாதவங்க பின்னாடி உக்காரலாமா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. பாராலிம்பிக்கில் பார்வையற்றோர் பந்தயமே இந்த வண்டியில்தான் நடக்கிறது என்றார். புனேவைச் சேர்ந்த திவ்யான்ஷு கணாத்ரா, பார்வையிழந்தவர், 2016-ல் மணாலியிலிருந்து கர்துங் லா வரை டேண்டத்தில் ஏறியதைச் சொன்னார். என்னை ஒரு சுற்று பின்சீட்டில் உட்கார வைத்தும் கூட்டிப்போனார். அவர் முதுகில் வியர்வையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பையனுக்கும் ஒரு சுற்று கிடைத்தது. இறங்கியபின் அவன் மறுபடியும் சொன்னான்: "டபுள்ஸ்தாண்ணா." இந்தத் தடவை யாரும் திருத்தவில்லை.

சாயங்காலம் தோழனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பின்னாடி இருக்கறவனுக்குப் பிரேக் உண்டாடா?" என்றான்.

"இல்ல. ரெண்டும் முன்னாடி இருக்கறவன் கையிலதான்."

"நம்ம வண்டியில?"

"நம்ம வண்டியில முன்னாடியும் இல்ல. பிரேக் கட்டை தேஞ்சு போயிருந்துது. நான் உங்கிட்ட சொல்லல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப தீவட்டிய பத்தி மட்டும் சொன்ன?" என்றான்.