இரும்புப் பெட்டிச் சாவி வாசற்காரனிடமா?

வாசலில் காவல்காரன் நிற்கிறான். வருகிறவர் யார் என்று கேட்டு உள்ளே விடுவது அவன் வேலை. அதற்காக இரும்புப் பெட்டிச் சாவியையே அவன் கையில் கொடுப்பார்களா?

கொடுக்கிறார்கள்! கம்ப்யூட்டர் உலகில் இது நடக்கிறது.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் எல்லோருடைய பாஸ்வேர்டுகளும் "ஷேடோ" என்ற கோப்பில் இருக்கின்றன. அப்படியே அல்ல, உருமாற்றி வைத்திருக்கிறார்கள். சாதாரண ஆசாமிகள் அந்தக் கோப்பைத் திறக்க முடியாது.

இணையப் பக்கத்தை நடத்தும் புரோகிராமும் ஒரு சாதாரண ஆசாமிதான். ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் அதனிடம் வந்து பேசுகிறார்கள்.

"ஆபீஸ் பாஸ்வேர்டையே இணையத்திலும் போட்டு நுழைய வேண்டும்" என்கிறார் மேலதிகாரி. உடனே அந்தக் கோப்பை வாசிக்கும் உரிமையைப் புரோகிராமுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால், மகா தவறு! புரோகிராமில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும். கோப்பு முழுவதும் திருடன் கைக்குப் போய்விடும்.

86 சதவீதம்!

"உருமாற்றித்தானே இருக்கிறது, என்ன பயம்?" என்று கேட்கலாம்.

திருடன் அகராதியை எடுத்துக்கொள்வான். ஒவ்வொரு சொல்லையும் அதே முறையில் உருமாற்றி, ஒத்துப் போகிறதா என்று பார்ப்பான். அமெரிக்க நிபுணர்கள் ராபர்ட் மாரிசும் கென் தாம்சனும் 1979-ம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் பார்த்த 3,289 பாஸ்வேர்டுகளில் 2,831 மிகச் சிறியவை. அல்லது அகராதியில் உள்ளவை. அதாவது 86 சதவீதம்! மனிதர் குணம் இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

என்ன செய்யலாம்?

தனியாக ஒரு சின்னப் புரோகிராம் வைக்க வேண்டும். கோப்பைப் பார்க்கும் உரிமை அதற்கு மட்டும். வாசற்காரன் பெயரையும் பாஸ்வேர்டையும் அதனிடம் கொடுப்பான். "சரி" அல்லது "தவறு" என்று மட்டும் பதில் வரும். தவறானால் பதில் தாமதமாக வர வேண்டும். அப்போது ஆயிரம் தடவை ஊகித்துப் பார்க்க முடியாது.

கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். பாஸ்வேர்டைக் கட்டளையோடு சேர்த்து எழுதினால், அதே கம்ப்யூட்டரில் வேலை செய்யும் மற்றவர் கண்ணில் பட்டுவிடலாம். ஓடும் புரோகிராம்களின் பட்டியலில் அது தெரியும்! இணைய வழியில் வரும்போதும் பூட்டுப் போட்டுத்தான் வர வேண்டும். அதற்குத்தான் எச்.டி.டி.பி.எஸ். இருக்கிறது.

இவ்வளவு செய்வதைவிட, இணையத்துக்கு வேறு பாஸ்வேர்டு கொடுத்துவிடுவதே மேல். "இரண்டை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?" என்று ஆபீசில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்!