எத்தனை மாடி? எத்தனை பாகம்?

எது பெரிய ஊர், எது சின்ன ஊர் என்று சொல்ல நம் ஆட்களிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்க வேண்டும். வலித்தால் பெரிய ஊர். வலிக்காவிட்டால் 'சும்மா ஊர்'!

ஒரு காலத்தில் இந்தக் கழுத்து வலிக்கு மெட்ராஸ் போக வேண்டியிருந்தது. மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் 1959ல் திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே அதுதான் உயரம். 177 அடி. சினிமாவில் கிராமத்துக் கதாநாயகன் பட்டணம் வந்து சேர்ந்துவிட்டான் என்பதற்கு சென்ட்ரல் ஸ்டேஷனையும் எல்.ஐ.சி.யையும் காட்டினால் போதும், வசனமே வேண்டாம். பிறகு வலி வெளிநாடு போயிற்று. 1998ல் கோலாலம்பூர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம், 452 மீட்டர். 2010ல் துபாய் புர்ஜ் கலீஃபா, 828 மீட்டர், 163 மாடி. இதற்கு மேலும் அண்ணாந்தால் நேராக எலும்பு டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

துபாயிலிருந்து லீவில் வந்த தூத்துக்குடித் தம்பி ஒருவர் டீக்கடையில் செல்போனை நீட்டினார். திரை முழுக்க புர்ஜ் கலீஃபா. அதன் காலடியில் தம்பி, ஓர் எறும்பு சைஸில்.

"பாத்தீங்களா அண்ணாச்சி! நம்ம ஊர்ல என்ன இருக்கு? கூம்பா நிக்கது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு உப்புக் குவியல், இன்னொண்ணு மக்ரூன்!"

தம்பி சொன்னதில் பாதி உண்மை. அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், துறைமுகத்து கிரேன்கள், 1713ல் கட்டிய பனிமய மாதா கோயில், அப்புறம் வெள்ளை வெளேரென்று உப்பு. இதுதான் தூத்துக்குடியின் வானம். ஆனால் தம்பி மறந்த மீதிப் பாதி ஒன்று உண்டு. துபாயும் ஒரு காலத்தில் தூத்துக்குடிதான்!

அதுவும் முத்துக் குளித்த ஊர். அங்கே அரபு அண்ணாச்சிகள் முங்கினார்கள், இங்கே நம் அண்ணாச்சிகள். ஜப்பானில் மிகிமோட்டோ என்பவர் சிப்பியை ஏமாற்றி முத்து வளர்க்கக் கற்றுக்கொண்டார். 1930 வாக்கில் அந்த வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து துபாயின் பிழைப்பைக் கவிழ்த்தன. 1966ல் அங்கே எண்ணெய் கிடைத்தது. அதன் பிறகுதான் மாடி, அதற்கு மேல் மாடி. நம் பக்கம் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளித்தது 1961ல். எண்ணெய் கிடைக்கவில்லை. உப்பு கிடைத்தது. அது முன்பே இருந்தது.

முத்துக் குளித்தவர்கள் எதையும் மாடிக் கணக்கில் அளக்கவில்லை. அவர்கள் கணக்கு பாகம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய 6 அடி. கடலடியில் சிப்பி விளையும் திட்டுக்குப் பெயர் பார். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, 10 பாகம் ஆழம்வரை இறங்குவார்கள். 60 அடி!

எல்.ஐ.சி. கட்டடத்தைத் தலைகீழாகக் கடலில் நட்டால், மூன்றில் ஒரு பங்கை ஒரே மூச்சில் கடந்து, சிப்பியையும் அள்ளிக்கொண்டு திரும்பும் மனிதர்கள். நாமோ இரண்டாவது மாடி ஆபீசுக்கு லிஃப்ட் வரவில்லை என்று வாட்ச்மேனிடம் சண்டை பிடிக்கிறோம். மேலே படகில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. கயிற்றை விட்டால் போவது அவன் தங்கச்சி தாலி! இதைவிட உறுதியான இன்ஷூரன்ஸை எல்.ஐ.சி.கூடத் தர முடியாது.

ஆக, கடலோர ஊரின் ஜாதகம் மேலே எழுதப்படுவதில்லை. கீழேதான். பாண்டியர்களின் கொற்கையைப் பாருங்கள். முத்துக்குப் பேர் போன துறைமுகம், கிரேக்கர்கள்கூடக் குறித்து வைத்த இடம். தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட ஆழம் போயிற்று, கடல் விலகிற்று. இன்று கொற்கையில் நின்றால் கண்ணுக்குக் கடலே தெரியாது. அடுத்து வந்தது காயல், மார்க்கோ போலோ பார்த்து வியந்த துறைமுகம். அதற்கும் அதே கதி. மூன்றாவதாக வந்ததுதான் தூத்துக்குடி. இரண்டு பெரிய ஊர்கள் மாடி இல்லாததால் சாகவில்லை ஸார், ஆழம் இல்லாததால் செத்தன.

தூத்துக்குடிக்கும் அந்தக் கண்டம் இருந்தது. பழைய துறைமுகத்தில் ஆழம் போதாமல் கப்பல்கள் பல மைல் தள்ளியே நிற்கும். சரக்கெல்லாம் தோணியில் போய் வரும். புதுத் துறைமுகம் கட்டி, 1974ல் பெருந்துறைமுகம் என்று அறிவித்த பிறகுதான் கப்பல் கரையைத் தொட்டது.

இப்போது கொழும்புக்கு வருவோம். அங்கே 350 மீட்டருக்கு மேல் தாமரைக் கோபுரம் நிற்கிறது. அதைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். பொறாமைப்பட வேண்டியது அதன் காலடியில் உள்ள தண்ணீரைப் பார்த்து! 2013ல் கொழும்பில் திறந்த சரக்குப் பெட்டக முனையத்தின் ஆழம் 18 மீட்டர். 2024 செப்டம்பரில் தூத்துக்குடியில் திறந்த புது முனையத்தின் ஆழம் 14 மீட்டருக்குச் சற்று மேல். இடையில் உள்ளது நாலே மீட்டர். இரண்டு பாகம்தான். ஆனால் ராட்சதக் கப்பல்கள் அந்த இரண்டு பாகத்துக்காகக் கொழும்பில் நிற்கின்றன. நம் ஊர்ப் பெட்டிகள் சின்னக் கப்பலில் ஏறி, அங்கே போய்ப் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. திருச்செந்தூர்க்காரர் டெல்லி ரயில் பிடிக்கத் திருநெல்வேலி போவது மாதிரி. பெட்டி மாறும் இடத்தில் கூலி, வேலை, வாடகை எல்லாம் மாறுகிறது. இதற்காகத்தான் 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் வெளித் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தம்பி மாதிரி ஆட்கள் துபாய்க்கு டிக்கெட் எடுப்பதும் எடுக்காததும் ஓரளவு அந்த இரண்டு பாகத்தில் இருக்கிறது.

ஆழம் வேண்டும் என்றதும் கடப்பாரையைத் தூக்கிவிடவும் கூடாது. கீழே கை வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. இந்தக் கரையில் வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் பல காலம் கடலிலிருந்து பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். ஊர் மேலே வளர்ந்தது. அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பாறை போனதும், பக்கத்து வான் தீவை அலை தின்ன ஆரம்பித்தது. தீவின் பெரும்பகுதி போய்விட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே தண்ணீருக்குள். இப்போது வான் தீவைக் காப்பாற்ற, கான்கிரீட்டில் செயற்கைத் திட்டு செய்து கடலில் இறக்குகிறார்கள். வீடு கட்டக் கடலிலிருந்து கல் எடுத்தோம், கடலைக் கட்டக் கரையிலிருந்து கான்கிரீட் போடுகிறோம். வட்டியும் முதலும்!

புர்ஜ் கலீஃபாகூடச் சும்மா நிற்கவில்லை. பூமிக்குள் 50 மீட்டர் ஆழம்வரை போகும் 192 கான்கிரீட் தூண்கள் அதைத் தாங்குகின்றன. அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்க யாரும் வரிசையில் நிற்பதில்லை.

ஆகவே, அடுத்த முறை எவராவது "உங்க ஊர்ல எத்தனை மாடி?" என்று கேட்டால் தலையைக் குனியாதீர்கள். குனிந்தாலும் பரவாயில்லை, அப்படியே கீழே பார்த்து, "உங்க ஊர்ல எத்தனை பாகம்?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். அதற்குள் ஒரு மக்ரூன் சாப்பிட்டுவிடலாம்.